எட்டாம் எண் கத்தி

பிரான்சின் ஒப்பினெல் நிறுவன மடக்குக் கத்திகளின் அளவுப் பட்டியலில் இரண்டு எண்களைத் தேடினாலும் கிடைக்காது: ஒன்று, பதினொன்று. 1897-ல் பட்டியல் போட்டபோது 1 முதல் 12 வரை முழுசாகத்தான் இருந்தன. ஒன்றாம் எண் பொடிசு. கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்ள அதற்கு ஒரு வளையம் வைத்திருந்தார்கள். புகைக்குழாயைச் சுரண்டுவதைத் தாண்டி அதற்குப் பெரிய வேலை இல்லை. பதினொன்றோ பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, யார் கேட்டு வாங்குவது என்று தெரியாமல் நின்றது. 1935-ல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த பத்தில் ஊர் ஊராகச் சுற்றிப் பேர் வாங்கியது எட்டாம் எண். அலகு 8.5 சென்டிமீட்டர். மடக்கினால் உள்ளங்கைக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். பையில் கிடப்பதே தெரியாத எடை. விலை, ஐரோப்பிய ஊர் ஒன்றில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடும் மதியச் சாப்பாட்டுக்கு ஆகிற காசு.

மடக்குக் கத்திப் பித்து உள்ளவர்கள் கூடினால் பேச்சு எங்கெங்கோ போகும். எஃகின் பெயர், அதன் கடினத்தன்மை, டைட்டானியம் பிடி, அலகைப் பூட்டும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி. அமெரிக்காவின் கிறிஸ் ரீவ் பட்டறை செய்யும் ‘செபென்ஸா’ போன்ற கத்திகளின் விலை 400 டாலரைத் தாண்டும். வாங்கிவிட்டு அதைக் கொண்டு பார்சல் பிரிப்பவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்திலும் இந்த மலிவு மரப்பிடிக் கத்திக்கு மரியாதை குறைவதில்லை. காரணத்தை எண்ணிப் பார்த்துவிடலாம். மொத்தம் ஐந்தே உறுப்புகள்: அலகு, மரப்பிடி, இரண்டையும் கோக்கும் ஆணி, பிடியின் தலையில் இறுக்கிய பூண், அதன்மேல் சுழலும் இன்னொரு பூண். கெட்டுப்போக அதிக இடம் இல்லை. கெட்டாலும் பெரும்பாலும் வைத்திருப்பவரே சரி செய்துகொள்ளலாம். தரமான மடக்குக் கத்தி என்றால் என்ன என்ற கேள்விக்குச் சந்தையில் நூறு பதில்கள் உண்டு. இந்த ஒன்று எல்லாவற்றையும்விட நாள்பட நிற்கிறது.

இந்தக் கத்தியை முதலில் செய்தபோது அதைச் செய்தவருக்கு வயது 18. ஜோசப் ஒப்பினெல், 1872-ல் பிறந்தவர். பிரான்சின் கிழக்கே, இத்தாலியை ஒட்டிய சவோய் மலைநாட்டில், சேன் ழான் த மோரியென் என்ற சிறு நகருக்கு அருகே உள்ள மலைக்கிராமம் அவருடைய ஊர். அப்பா டேனியல் கோடரி, அரிவாள் வகைகள் அடிக்கும் கொல்லர். அந்தப் பள்ளத்தாக்கில் அவர் உலையில் பிறந்த கருவிகளுக்கு நல்ல பேர். மகனுக்கு இயந்திரங்கள்மேல் மோகம், போட்டோ எடுப்பதிலும் ஆசை. 1890-ல் அவர் விவசாயிகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு கத்தி செய்தார். ரொட்டி அறுக்க, பாலாடைக்கட்டி வெட்ட, திராட்சைக் கொடி கழிக்க, கயிறு துண்டிக்க எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. அலங்காரம் கிடையாது. உருண்டை மரப்பிடியில் ஒரு பிளவு, அதற்குள் அலகு. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மகன் கத்தி பக்கம் போனதில் அவ்வளவு உற்சாகம் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் மரப்பிடிகளை ஒவ்வொன்றாகக் கையால் செதுக்கிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்று புரிந்துகொண்டது மகன்தான். பிடி செய்யும் இயந்திரத்தை அவரே வடிவமைத்தார். பட்டறை தொழிற்சாலை ஆனது. பின்னால் மலையிலிருந்து இறங்கி ஷாம்பெரி நகரை ஒட்டிய கொன்யான் என்ற ஊருக்கு வந்தது. நிறுவனம் இன்று இருப்பது ஷாம்பெரியில்.

1909-ல் வாங்கிய வணிகச் சின்னம் அலகில் இன்றும் பொறிக்கப்படுகிறது: ஆசி கூறுவதுபோல் உயர்த்திய ஒரு கை, அதன்மேல் ஒரு கிரீடம். பிரான்சில் கத்திக் கொல்லர்கள் தங்கள் சரக்கில் முத்திரை வைத்தாக வேண்டும் என்று மன்னர் ஒன்பதாம் சார்லஸ் 1565-லேயே ஆணையிட்டிருந்தார். அந்த வழக்கத்தில் வந்த முத்திரை இது. கை, சேன் ழான் த மோரியென் நகரின் சின்னத்தில் இருப்பது. திருமுழுக்கு யோவானின் விரல் எலும்புகள் அவ்வூர்த் தேவாலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. கிரீடம் சவோய் கோமகன்களுடையது. சவோய் பிரான்சோடு சேர்ந்ததே 1860-ல்தான். ஆக, பிரான்சின் அடையாளமாகவே எண்ணப்படும் கத்தியில் பிரான்சுக்கு முந்திய ஒரு நாட்டின் கிரீடம் உட்கார்ந்திருக்கிறது.

முதல் 65 ஆண்டுகள் இந்தக் கத்திக்குப் பூட்டு இல்லை. மரப்பிளவின் பிடிப்பும் ஆணியின் இறுக்கமுமே அலகை நிறுத்தின. வெட்டும்போது அழுத்தம் அலகை விரிக்கும் பக்கமாகவே போவதால் சாதாரண வேலையில் ஆபத்து இல்லை. நுனியால் குத்தித் துளை போட முயன்றால்தான் வம்பு: அலகு விரல்மேல் மடங்கிவிடும். 1955-ல் அதே குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் ஒப்பினெல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏற்கெனவே உள்ள பூணின்மேல் வாய் பிளந்த இன்னொரு பூண். அலகை விரித்துவிட்டு அதைக் கொஞ்சம் திருகினால், பிளவு நகர்ந்து உலோகம் அலகின் அடியில் வந்து அடைத்துக்கொள்ளும். பெயர் விரோப்ளோக். சுருள்வில் இல்லை, பொத்தான் இல்லை. அழுக்கு சேர்ந்தால் ஊதிவிட்டுத் திருகினால் போதும். 2000-ல் இன்னொரு சிறு திருத்தம்: மடக்கிய நிலையிலும் பூட்டிக்கொள்ளலாம். பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும் பயம் போயிற்று. இந்தப் பூண் ஆறாம் எண்ணிலிருந்துதான் உண்டு. இரண்டு முதல் ஐந்து வரையுள்ள சிறுசுகள் இன்றும் பூட்டில்லாமலே வருகின்றன. அந்தச் சிறு வித்தியாசம் சட்டத்தின் முன்னால் எவ்வளவு பெரிதாகும் என்பது தனிக்கதை.

வாங்கப் போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எஃகு. ஒரே எட்டாம் எண் இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று கார்பன் எஃகு, ஏறத்தாழ 0.9 விழுக்காடு கார்பன், மற்றபடி இரும்பு. மற்றது சுவீடனின் சாண்ட்விக் ஆலை உருவாக்கிய 12சி27 வகை; கார்பன் குறைவு, குரோமியம் 13 விழுக்காட்டுக்கு மேல். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி எஃகை மூடிக்கொள்வதால் துரு அண்டுவதில்லை. ஜோசப் கத்தி செய்த காலத்தில் இப்படி ஒரு தேர்வே கிடையாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913-ல்தான்.

கார்பன் அலகு சட்டென்று கூர் பிடிக்கும், சாதாரணக் கல்லுக்கே வளைந்து கொடுக்கும். ஆனால் மாங்காயை நறுக்கிவிட்டு மறந்துபோய் வைத்தால் காலையில் கறுத்திருக்கும். அரிவாள்மனையில் வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கி வளர்ந்த வீடுகளுக்கு இது புதிதல்ல. கறுப்பு வேறு, துரு வேறு. புளிப்பும் துவர்ப்பும் எஃகோடு சேர்ந்து படியும் சாம்பல்நீலக் கறை, கீழே உள்ள உலோகத்துக்கு ஓரளவு காவலாகவே நிற்கும். செம்பழுப்பாகப் பொருபொருவென்று வருவதுதான் துரு. அது அரித்துக்கொண்டே போகும். ஐரோப்பியர் சிலர் புதுக் கத்தி வாங்கியதும் அலகில் கடுகுப் பசையைத் தடவிவைத்து அந்தக் கறையை வலிய வரவழைக்கிறார்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இருப்பவர், தினம் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவப் பொறுமை இல்லாதவர் என்றால், துருப்பிடிக்காத வகையை எடுத்துக்கொள்வது நல்லது. கூர் போடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான் நஷ்டம்.

பிடி பெரும்பாலும் பீச் மரம். ஐரோப்பாவில் தாராளமாகக் கிடைப்பது, இழை சீரானது, இயந்திரத்துக்கு இசைவது. ஒரே குறை, தண்ணீரைக் குடித்து உப்பும். மழையில் நனைந்தாலோ, யாராவது பாத்திரத்தோடு சேர்த்து ஊறப்போட்டாலோ, பிளவு இறுகி அலகு வெளியே வர மறுக்கும். நகத்தை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சவோய்க்காரர்கள் அதற்கென்றே ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள்: பூட்டைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் டொக்கென்று தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும், பிறகு விரலால் இழுத்துக்கொள்ளலாம். ‘சவோய்க்காரன் தட்டு’ என்றே அதற்குப் பெயர். மரம் காய்ந்ததும் இறுக்கம் தளரும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து உலரவிட்டால் அடுத்த முறை அவ்வளவு தண்ணீர் இழுக்காது. அப்படியும் இறுக்கமாகவே இருந்தால் உப்புத்தாளை மடித்துப் பிளவுக்குள் விட்டு இரண்டு இழு இழுப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் பிடிக் கத்தியில் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. இப்படி இழைத்துச் சரிசெய்யும் வசதியும் இல்லை.

சாணை விஷயத்துக்கு வருவோம். எட்டாம் எண்ணின் அலகு மெலிசு, முதுகுப் பக்கமே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. தக்காளியும் தாளும் அதில் வழுக்கிக்கொண்டு அறுபடுவது இதனால்தான். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்தால் இந்த மெலிந்த வாய் நொடியில் சூடேறும். கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நீலம் பாயும். அந்த இடத்தில் கொல்லன் போட்ட பதம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் சக்கரம் சரி. இதற்குத் தண்ணீர் தெளித்த கல்தான்.

கல்லில் கோணம் பிடிப்பதை ஏதோ சித்து வேலைபோல் சொல்வார்கள். பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி போதும். அலகைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தினால் 90. பாதி சாய்த்தால் 45. அதில் பாதி 22-க்குச் சற்று மேல். அங்கேயே கையை நிறுத்திக்கொண்டு, கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பதுபோல் வாயை முன்தள்ளித் தேய்க்க வேண்டும். 1000 என்று எண் போட்ட நீர்க்கல் ஒன்று இருந்தாலே பெரும்பாலான வேலை முடியும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். விரல் நுனியால் முதுகிலிருந்து வாய் நோக்கித் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். நுனியிலிருந்து அடி வரை பிசிறு வந்துவிட்டால் பக்கத்தை மாற்றலாம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் வாயை இழுத்து விட்டால் பிசிறு உதிரும். கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகு படாத அடி வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய வேலைக்குத் தாங்கும். மழுங்கிய கத்திதான் அதிகம் விரலை வெட்டும். அழுத்த வேண்டியிருப்பதால் வழுக்கும்போது நிறுத்த முடியாமல் போகிறது.

செய்யக் கூடாதவை சில. பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவது, திருகாணி முடுக்குவது, எலும்பை உடைப்பது. மெலிந்த அலகு குறுக்கு விசையைத் தாங்காது. நுனி முறியும் அல்லது ஆணி ஆட்டம் காணும்.

நெம்பவும் திருகவும் என்றே பிறந்தது வேறொரு வம்சம். சுவிட்சர்லாந்தின் ஷ்விட்ஸ் மாகாணத்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884-ல் கத்திப் பட்டறை தொடங்கினார். சுவிஸ் ராணுவம் அப்போது புதிதாக வாங்கிய துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்புளி வேண்டும். டப்பா உணவு வந்துவிட்டதால் அதைத் திறக்க ஒன்று வேண்டும். இரண்டையும் கத்தியோடு சேர்த்து ஒரே பிடியில் அடக்கிய சிப்பாய்க் கத்தியின் முதல் சரக்கு ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்துதான் வந்தது. 1891-ல் எல்செனரும் ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஆறு ஆண்டு கழித்து, தக்கைத் திருகும் சிறு அலகும் சேர்ந்த ‘அதிகாரிகள் கத்தி’க்கு உரிமை பதிந்தார். தாயார் விக்டோரியா 1909-ல் இறந்தபின் அவர் பெயரை நிறுவனத்துக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சில் வழங்கும் ‘இனாக்ஸ்’ 1921-ல் அதோடு ஒட்டிக்கொண்டது. விக்டோரினாக்ஸ். சிவப்புப் பிடிக்குள் அடுக்கடுக்காகக் கருவிகள், ஒவ்வொன்றையும் முதுகுப் பட்டைவில் தாங்கி நிற்கும். வசதி அபாரம். ஆனால் வில் தளர்ந்தாலோ நடு அடுக்கு உடைந்தாலோ வீட்டில் பிரிக்க முடியாது. ஆணிகள் அடித்து மூடியவை. ஒன்று எல்லா வேலையும் செய்யும், மற்றது வெட்டும் வேலையை மட்டும் நன்றாகச் செய்யும். யாருக்கு எது என்பது அவரவர் பையைப் பொறுத்தது.

பெயரை நம்பி வாங்குகிறவர்களுக்கு லாகியோல் ஊரின் வழக்கு ஒரு பாடம். தெற்குப் பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூர், முதுகு வில்லில் தேனீ உருவம் பொறித்த ஒயிலான மடக்குக் கத்திக்குப் பேர்போனது. 1993-ல் வெளியாள் ஒருவர் ஊரின் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிந்து, பல வகைப் பொருள்களுக்கு விற்க உரிமம் கொடுக்க ஆரம்பித்தார். ஊர் நீதிமன்றம் ஏறி முதலில் தோற்றது. 2012-ல் வெறுத்துப்போய், இனி எங்கள் ஊருக்குப் பெயரே வேண்டாம் என்று அடையாளப் போராட்டம் நடத்தினார்கள். ஆக, அலகில் லாகியோல் என்று எழுதியிருப்பது அது எங்கே செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. கடையில் நின்றே பார்த்துவிடக்கூடிய சான்றுகள் உண்டு. மடக்கிய அலகு பிளவின் நடுவே நிற்கிறதா? விரித்துப் பூட்டியபின் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? பூட்டு முழுசாக விழுகிறதா? வாய் நுனி வரை ஒரே அகலத்தில் தீட்டப்பட்டிருக்கிறதா? இந்த நான்கையும் தாண்டிய கத்தியின் பெயர் என்னவாக இருந்தாலும் குறையில்லை.

இனி சட்டம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுத வகையில் சேர்த்தன. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு. மூன்றரை அங்குலத்துக்கும் குறைவான எட்டாம் எண் அந்த அளவுக்குக் கிட்டவே வராது. ஆனால் லண்டனில் உள்ள தமிழர் இதே கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனால் கதை வேறு. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், 3 அங்குலத்துக்கு மேற்படாத வாயுள்ள மடக்குக் கத்தியை மட்டும் காரணம் கேட்காமல் அனுமதிக்கிறது. பூட்டிக்கொள்ளும் கத்தி மடக்குக் கத்தியே ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரலைக் காப்பாற்ற 1955-ல் வந்த பூண், அங்கே குற்றத்துக்குக் காரணமாகிவிடும். ஐந்தாம் எண்ணுக்குப் பூட்டும் இல்லை, வாயும் 6 சென்டிமீட்டர்தான் என்பதால் அது தப்பிக்கும். ஜெர்மனியில் வேறு கணக்கு: ஒரே கையால் திறந்து பூட்டும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதற்கு 2008 முதல் தடை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ 1981-ல் அலகில் வட்டத் துளை போட்டுக் கட்டைவிரலால் திறக்கும் கத்தியைப் பரப்பியபோது அது வசதி. பிற்பாடு அந்த வசதியே சட்டத்தின் கண்ணில் பட்டது.

விமானத்தில் எந்த அளவானாலும் கைப்பையில் வேண்டாம். சரக்கில் போடும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். 2013 மார்ச்சில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, 6 சென்டிமீட்டர் வரையுள்ள சிறு கத்திகளைக் கைப்பையில் அனுமதிக்கப்போவதாக அறிவித்தது. விமானப் பணியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூனில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். சோதனை வாசலில் பிடிபட்ட கத்தி திரும்பக் கையில் கிடைப்பது அபூர்வம்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்பது பிரெஞ்சுக்காரர் நம்பிக்கை. வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசைக் கொடுத்துவிட்டால் அது வியாபாரம் ஆகிவிடுமாம், தோஷம் இல்லை. கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று நம் வீடுகளில் பாட்டிகள் சொல்வதும் இதே குடும்பத்துப் பேச்சுதான். இரண்டுக்கும் அடியில் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது: மடக்குக் கத்தியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மடக்கித்தான் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் கொடுக்கலாம் என்பதுதான் வீட்டில் அதிகம் சண்டை கிளப்பும் கேள்வி. ஒப்பினெல், பூட்டும் உருண்டை நுனியும் உள்ள ஏழாம் எண் ஒன்றைச் சிறுவர்களுக்கென்றே விற்கிறது. ஜப்பானில் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் விடையே தேவைப்படவில்லை. ஹியோகோ மாகாணத்தின் மிகி நகரில் செய்யப்பட்ட ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி, 1890-களில் பிறந்தது. பூட்டோ வில்லோ இல்லை, தகட்டை மடித்ததே பிடி. பென்சில் சீவ அது பள்ளிப் பிள்ளைகள் பையில் எல்லாம் இருந்தது. 1960-ல் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோவை 17 வயது இளைஞன் மேடையிலேயே குத்திக் கொன்றான். ஆயுதம் குறுவாள்தான். ஆனால் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவி, மிகியின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அதற்கு எதிர்த்திசையில் போன பள்ளி ஒன்று நகானோ மாகாணத்தின் இகேதா ஊரில் இருக்கிறது. முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹிகோனோகாமியைக் கொடுத்து, அதைக் கொண்டே பென்சில் சீவச் சொல்லிக்கொடுப்பதை அந்தத் தொடக்கப் பள்ளி பல பத்தாண்டுகளாக வழக்கமாக்கி வந்திருக்கிறது.